கைப்பிடி இல்லாத கூடை

ஆரம்பாக்கத்திலிருந்து பொன்னேரி வரைக்கும் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே பாய்லர் நைனா பின்னிய ஒயர் கூடை ஒன்று இருக்கும். அதே வீட்டில் பாய்லர் நைனாவின் வான்கோழியிடம் கொத்து வாங்கிய ஒருவரும் இருப்பார். நான் அளக்கிறேன் என்று நினைக்கிறவர்கள் அந்தக் காலத்தில் கும்மிடிப்பூண்டியில் குடியிருந்திருக்க மாட்டார்கள். நான் இருந்தேன். அதுவும் அடுத்த வீட்டில் இருந்தேன். கூடையும் வாங்கினேன், கொத்தும் வாங்கினேன்.

எழுபதுகளில், கல்யாணம் ஆன கையோடு திருவள்ளூரிலிருந்து அங்கே போய் இறங்கினேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. குடியிருந்தது வரிசையாகக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்று. எல்லாருக்கும் ஒரே கிணறு, ஒரே வாசல். என் அடுப்பில் மிளகாய் கிள்ளிப் போட்டால் கடைசி வீட்டில் தும்முவார்கள். பக்கத்து வீட்டில்தான் பாய்லர் நைனாவும் அவர் சம்சாரம் பாக்கியம் அக்காவும் இருந்தார்கள்.

தொழிற்சாலையில் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அதனால் பாய்லர். பார்க்கிற எல்லாரையும் 'நைனா' என்று கூப்பிடுவார், அதனால் நைனா. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கண்டிப்பாக இருந்திருக்கும். அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சொந்த ஊர் ஆரம்பாக்கம். அந்தப் பக்கமெல்லாம் தெலுங்கு கலந்த பேச்சு, பெற்ற அப்பாவை நைனா என்பார்கள். இவர் அப்பாவோடு நிறுத்திக்கொள்ளவில்லை. போஸ்ட்மேன் நைனா, ஸ்டேஷன் மாஸ்டர் நைனா, கட்டின பெண்டாட்டியும் நைனா.

புதுப்பெண்ணாக நான் வண்டியை விட்டு இறங்கியபோது வாசலில் ஒரு மலை போல உட்கார்ந்திருந்தார். முறுக்கு மீசை, கரி ஏறிய கைகள். அந்தக் கையில் பச்சைப் பிளாஸ்டிக் ஒயர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வா நைனா, வா. இந்த முனையைக் கொஞ்சம் புடி" என்றார். என் புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்னால் நான் பக்கத்து வீட்டு வாசலில் ஒயர் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அது எனக்கு மட்டும் நடந்த அவமானம் இல்லை என்று பிறகு தெரிந்தது. நைனாவைப் பார்க்க யார் வந்தாலும் ஒயர் பிடித்தே ஆகவேண்டும். ஒருவர் முனையை இழுத்துப் பிடித்தால்தான் முடிச்சு இறுகும் என்பது அவர் கொள்கை. கடிதம் கொண்டு வருகிறவர், கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர், சண்டை போட வருகிறவர், யாரானாலும் சரி. ஒரு கையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு யாராலும் சண்டை போட முடியாது. நீங்கள் வேண்டுமானால் வீட்டில் முயன்று பாருங்கள்.

அவர் வீட்டுக்குள் நுழைந்தால் கண் கூசும். ரேடியோவுக்கு ஒரு கூடை, சோப்புக்கு ஒரு கூடை, குடைக்கு நீளமாக ஒரு கூடை, மீசை சீவும் சீப்புக்கு விரல் நீளத்தில் ஒரு கூடை. பாய்லர் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, நாஷ்டா முடித்ததும் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். அந்த முரட்டு விரல்களில் முடிச்சுகள் வரிசை பிசகாமல் விழும். நானும் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு தடவை உட்கார்ந்தேன். நான் பின்னியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல தக்காளி வச்சா ரசமாத்தான் ஊட்டுக்கு வரும் நைனா" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

இவ்வளவு கூடை பின்னிய மனிதர் நான் பார்த்த நாளில் ஒரு கூடைக்கும் கைப்பிடி போட்டதில்லை. இதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். கைப்பிடி போட்ட கூடை வீட்டை விட்டுப் போய்விடும், கூடவே அதில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அதற்கு அத்தாட்சியும் வைத்திருந்தார். முதன்முதலாகக் கைப்பிடி போட்ட கூடை அவர் மகளுக்கு. அவள் கல்யாணமாகி ஆர்.கே.பேட்டைக்குப் போய்விட்டாள். இரண்டாவது கூடை அவருடைய சிநேகிதருக்கு. அந்த ஆளுக்கு உடனே வடக்கே எங்கேயோ மாற்றல் வந்தது. மூன்றாவது, கறவை மாட்டுக்குப் புல் போட வைத்திருந்த கூடை. மாடே விற்றுப்போனது.

பாக்கியம் அக்கா இதைக் கேட்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வாள். "தாலி கட்னா பொண்ணு போவாம இங்கியே குந்திகினு இருக்குமா? மாடு மடி வத்திப் போச்சி, வித்தோம். கைப்புடி இன்னா பண்ணும்? நல்ல பேஜாரா போச்சே இந்த ஆளோட."

நைனா அசைய மாட்டார். "மூணு வாட்டி ஆச்சா இல்லியா நைனா? அத்த சொல்லு."

அதனால் யாருக்குக் கூடை கொடுத்தாலும் கைப்பிடிக்கான ஒயரைத் தனியாக வெட்டி, சுருட்டி, கூடைக்குள்ளே போட்டுக் கொடுப்பார். "உங்க ஊட்டுக்குப் போயி போட்டுக்கோ." எங்களில் யாருக்கும் சரியாகப் போடத் தெரியாது. ஒருத்தி கயிறு கட்டுவாள், ஒருத்தி பழைய பாவாடை நாடா கட்டுவாள், நான் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டியிருந்தேன். பொன்னேரிச் சந்தையில் அழகான கூடைக்கு அசிங்கமான கைப்பிடி இருந்தால் அது எங்கள் வரிசை வீட்டு ஆள் என்று கடைக்காரர்களுக்குத் தெரியும். பாக்கியம் அக்காவுக்கு அதுவும் கிடையாது. சித்தாள் ஜல்லி தூக்குவது போல அவள் காய்கறிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள்.

இனி வான்கோழி. அதன் பெயர் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிகிற நேரத்தில் மேற்பார்வைக்கு வருகிற ஆளைப் போலவே இறக்கையை உப்பிக்கொண்டு, முகம் சிவந்து, ஒன்றும் செய்யாமல் எல்லாரையும் அதட்டிக்கொண்டு திரியும் என்பதால் நைனா அந்தப் பெயரை வைத்தாராம். யாரோ குஞ்சாகக் கொடுத்ததை வளர்த்தவர். நைனா பின்ன உட்கார்ந்தால் அவர் காலடியிலேயே உட்காரும். வெட்டிப்போட்ட ஒயர்த் துண்டுகள் நடுவில் கொத்திக்கொண்டே இருக்கும். நைனா வேலைக்குக் கிளம்பினால் தொழிற்சாலை கேட்டு வரைக்கும் கூடவே நடந்துபோய் விட்டுவிட்டு வரும்.

மற்றவர்களுக்கு அது யமன். சைக்கிள் மணி சத்தம் பிடிக்காது, வெள்ளை வேட்டி பிடிக்காது, என்னைப் பிடிக்காது. நான் குடத்தோடு கிணற்றடிக்குப் போனால் 'களகளகள' என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்து கெண்டைக்காலில் ஒன்று போடும். போஸ்ட்மேன் எங்கள் கடிதங்களை முக்கு டீக்கடையிலேயே கொடுத்துவிட்டுப் போவார். என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டுவதை விட்டு, பொங்கலுக்கே காக்கி பேண்ட் போட்டுக்கொண்டார். எங்கள் திருவள்ளூர் வீரராகவப் பெருமாளிடம் நான் அந்தக் காலத்தில் வைத்த ஒரே கோரிக்கை, இந்தப் பிராணி எப்படியாவது தொலையவேண்டும் என்பதுதான்.

வீட்டுச் சொந்தக்காரர், ஹவுஸ் ஓனர் என்றே அவரைச் சொல்லுவோம், ஒருநாள் கோபமாக சைக்கிளில் வந்தார். வெள்ளை வேட்டிக்காரர். வந்த வேகத்தில் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, "இந்தச் சனியன் இங்க இருக்கணும், இல்ல நீ இங்க இருக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றார்.

"சொல்றேன் நைனா. இந்த முனையக் கொஞ்சம் புடி" என்றார் நைனா.

சாயங்காலம் ஹவுஸ் ஓனர் மஞ்சள் கூடை ஒன்றோடு, கைப்பிடி ஒயரைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். எதற்கு வந்தோம் என்பது அவருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்திருக்கும்.

இப்படி இருக்கையில் ஒருநாள் காலையில் நான் குடத்தோடு கிணற்றடிக்குப் போனேன், தண்ணீர் சேந்தினேன், திரும்பி வந்தேன். குடத்தை இறக்கிய பிறகுதான் உறைத்தது, ஒன்றும் என்னைக் கொத்தவில்லை. எட்டிப் பார்த்தேன். சூப்பர்வைசர் நைனா வீட்டு மூலையில் ஒரு சாக்கின் மேல் குந்தியிருந்தது. சிவந்த முகம் சாம்பல் பூத்திருந்தது. கழுத்துக்குக் கீழே நெஞ்சு பந்து மாதிரி வீங்கியிருந்தது. என்னைப் பார்த்தது. ஒரு 'கள' கூடச் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு வரிசையே சந்தோஷமாக இருந்தது. போஸ்ட்மேன் வாசல் வரைக்கும் வந்து கையில் கடிதம் கொடுத்தார். என் வீட்டுக்காரர் பெட்டியிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, காரணமே இல்லாமல் வாசலில் இங்கும் அங்கும் நடந்தார். நானும் தேவையில்லாமல் இன்னொரு குடம் தண்ணீர் கொண்டுவந்தேன்.

ஆனால் அடுத்தடுத்த நாட்களில் அந்த அமைதி பிடிக்காமல் போயிற்று. நைனா பின்னுவதை நிறுத்திவிட்டார். மடியில் அந்தப் பறவையை வைத்துக்கொண்டு அதன் தலையைத் தடவியபடி உட்கார்ந்திருப்பார். பார்க்கப் போனவர்களுக்குப் பிடிக்க ஒயர் இல்லை, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. சின்ன வெங்காயம் கொடுத்தார்கள். விளக்கெண்ணெய் புகட்டினார்கள். கற்பூரவல்லிச் சாறு பிழிந்து ஊற்றினார்கள். கடைசி வீட்டு அம்மாள் சாம்பிராணி போட்டதில் சூப்பர்வைசர் தும்மியது, கூடவே நைனாவும் தும்மினார். பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா மட்டும் கூடையை இறக்கி வைத்து, சூப்பர்வைசரை நன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு நாளு போனா கறிகூட ருசிக்காது. இன்னிக்கே கொழம்பு வச்சிடு" என்றாள். அன்றோடு நைனா வீட்டில் மீன் வாங்குவது நின்றுபோயிற்று.

பாக்கியம் அக்காதான் முடிவெடுத்தாள். "இன்னா ஆளுய்யா நீ. மடியில வச்சிகினு அழுதா வீக்கம் எறங்கிப் பூடுமா? பொன்னேரி மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம் எழுந்திரு."

"எப்டி நைனா இட்டுகினு போறது? தூக்கினா நெஞ்சு வலிக்குது அதுக்கு."

"ஊரு பூரா கூடை பின்னிக் குடுத்தியே, அதுக்கு ஒண்ணு பின்னேன்."

நைனா எழுந்தார். ஒயரால் சூப்பர்வைசரை நீள அகலம் அளந்தார். அன்று மத்தியானம் எங்கள் வரிசையில் சமையல் நடக்கவில்லை. எல்லா வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு வாசல் முழுக்க நின்றோம். பச்சை தீர்ந்தால் மஞ்சள், மஞ்சள் தீர்ந்தால் சிவப்பு. என்னைக் கொத்திய பிராணிக்காக நான் கை கடுக்க ஒயர் பிடித்தேன். தொட்டில் அளவுக்கு ஒரு கூடை தயாரானது. அடியில் பழைய புடவையை மடித்துப் போட்டுச் சூப்பர்வைசரை உட்கார வைத்தோம். கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது.

"கைப்புடி போடு" என்றாள் பாக்கியம் அக்கா.

நைனா கேட்காதது போலக் கத்தியை மடக்கினார்.

"யோவ், ரயில்ல ஏத்தணும், எறக்கணும். கைப்புடி இல்லாம எப்டியா தூக்கறது?"

"போட மாட்டேன் நைனா." கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டார். "பொண்ணு போச்சி, சிநேகிதன் போனான், மாடு போச்சி. இத்தயும் அனுப்பச் சொல்றியா?"

பாக்கியம் அக்கா கூடையின் ஒரு பக்கத்தை அணைத்துத் தூக்கினாள். மறுபக்கத்தை நைனா அணைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்ததால் துணைக்கு நான் போனேன். நடுவில் கை கொடுக்க.

ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "அது இன்னா, லக்கேஜா?"

"லக்கேஜ் இல்ல நைனா. பேஷண்டு."

"பேஷண்டுக்கு டிக்கெட் எடுக்கணுமே."

"அரை டிக்கெட்டா குடு. வயசு கம்மிதான்."

அவர் மறுபடி எட்டிப் பார்த்தார். சூப்பர்வைசர் தலையைத் தொங்கப்போட்டிருந்தது. அவரும் முன்பு கொத்து வாங்கியவர்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சீக்கிரம் போங்க, வண்டி வந்துரப் போவுது" என்று எங்கள் மூன்று பேருக்கு மட்டும் டிக்கெட் கொடுத்தார்.

ரயிலில் ஜன்னலோர சீட்டையே பேஷண்டுக்கு விட்டுக்கொடுத்தார்கள். கவரைப்பேட்டை வருவதற்குள் பெட்டியில் இருந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி முடித்திருந்தார்கள். தோளில் சிவப்புத் துண்டு போட்ட வாலிபன் ஒருவன் ஒன்றும் சொல்லாமல் துண்டால் விசிறிக்கொண்டே வந்தான்.

பொன்னேரியில்தான் விபரீதம். வண்டி நிற்பது கொஞ்ச நேரம். நைனா முதலில் குதித்து, கீழே நின்று கையை நீட்டினார். மேலே நானும் அக்காவும். கூடையை எப்படிப் பிடித்தாலும் சாய்ந்தது. சூப்பர்வைசர் ஒரு பக்கமாகச் சரிந்து முனகியது. அந்த வாலிபன் பார்த்தான். சட்டென்று துண்டை எடுத்து, கூடை விளிம்பில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து முடிச்சுப் போட்டு, நோகாமல் தூக்கி நைனா கையில் இறக்கினான்.

நைனா துண்டைப் பார்த்தார். கூடையைப் பிளாட்பாரத்தில் வைத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "போச்சி நைனா. கைப்புடி வுழுந்துடுச்சி."

"நான் ஹெல்ப்தான சார் பண்ணேன்" என்றான் வாலிபன், வாசலில் நின்றபடி.

அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. "சார், என் துண்டு" என்று கத்தினான். நான் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், வரவில்லை. பாவி, இறுக்கிப் போட்டிருந்தான். நான் கூடையைத் தொட்டபடியும், நைனா தன் தலையில் கை வைத்தபடியும் அவன் போவதையே பார்த்தோம். மெட்ராஸ் பக்கம் துண்டில்லாமல் போய்க்கொண்டே இருந்தான்.

பாக்கியம் அக்கா இடுப்பில் கை வைத்தாள். "பாத்தியா? கைப்புடி போட்டவன் எங்க?"

"போய்ட்டான்."

"இது எங்க கீது?"

"இங்க கீது."

"அப்போ போவ வேண்டியது போய்டுச்சி. கணக்கு தீந்துச்சி. ஏந்திரு."

இருந்த வாதங்களிலேயே அதுதான் நைனாவுக்கு ஏற்கும்படியாக இருந்தது போலிருக்கிறது. முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார், துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார், கூடையை அணைத்துக்கொண்டு எழுந்தார். அந்த வாலிபன் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும், அவன் துண்டு அன்றைக்கு ஓர் உயிருக்குப் பதிலாகப் போனது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளைஞர். மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே எங்கள் கூடை வந்ததைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஏதோ கெட்டியா அடைச்சிருக்கு. என்ன சாப்பிட்டுது?"

"கம்பு துன்னும் நைனா. நொய்யி துன்னும். வேற இன்னா துன்னும்?"

மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, இடுக்கியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஒரு தட்டில் போட்டார். நான் கல் என்று நினைத்தேன். டாக்டர் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பச்சை, மஞ்சள், சிவப்பு, ஊதா. எல்லாம் ஒயர்த் துண்டு.

நைனா தட்டின் மேல் குனிந்தார். "இந்த மஞ்சா ஹவுஸ் ஓனர் கூடையிது. இந்த ஊதா ரேடியோ கூடையிது. இது இந்தப் பொண்ணுது," என்று என்னைக் காட்டினார். பிறகு நிமிரவில்லை. "நான் வெட்டிப் போட்டது நைனா. எல்லாம் என் கையால வெட்டிப் போட்டது. பக்கத்துல குந்திகினு இதுதான் துன்னுச்சா? நான் வெளையாடுதுன்னு நெனச்சேனே." அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. மீசையெல்லாம் நனைந்துபோயிற்று.

எனக்கும் தாங்கவில்லை. மனசுக்குள் பெருமாளிடம் அவசரமாக ஒரு விண்ணப்பம் போட்டேன். அப்பனே, இதைத் தொலைக்கச் சொல்லி நான் முன்னே கேட்டதெல்லாம் தள்ளுபடி. இது பிழைத்தால், உடம்பு தேறியவர்கள் செய்வது போல உன் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கிறேன்.

டாக்டர் தைக்க ஆரம்பித்தார். உதவிக்கு இருந்த ஆள் வெளியே ஒரு எருமையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "பெரியவரே, இந்த நூல் முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்றார் டாக்டர்.

நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிடித்தார். வாழ்நாள் முழுக்க ஊரையே ஒயர் பிடிக்க வைத்தவர், அன்றைக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றார். கடைசி முடிச்சு விழுந்ததும், "நல்லா இறுக்கமா கீது நைனா" என்று மட்டும் சொன்னார்.

பிழைக்குமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. கஞ்சி கொடுங்கள், சூடாக வைத்திருங்கள், தானாகச் சத்தம் போட்டால் கவலை இல்லை என்றார்.

அதன் பிறகு எங்கள் வரிசையில் எல்லாரும் அதன் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டோம், அது கிரீச்சிட்டால் பேஷண்டுக்குத் தொந்தரவாம். சைக்கிள்களைத் தெருமுனையிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் தினமும் குடத்தோடு நைனா வீட்டைத் தாண்டும்போது நடையை மெதுவாக்கிக் காலைக் காட்டிப் பார்ப்பேன். கொத்தேன், ஒரே ஒரு கொத்துக் கொத்தேன் என்று மனசுக்குள் கெஞ்சுவேன். கைப்பிடி இல்லாத கூடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹவுஸ் ஓனர் வந்தார். யாரோ அவரிடம் சூப்பர்வைசர் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். துக்கம் கேட்கிற முகத்தோடு, சலவை வேட்டி கட்டி, சைக்கிளில் வாசல் வரைக்கும் வந்து, பழக்கதோஷத்தில் மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டார்.

கூடை ஆடியது. முதலில் கழுத்து வந்தது. பிறகு இறக்கை விரிந்தது. சாம்பல் முகத்தில் ரத்தம் ஏறி, 'களகளகளகள' என்று வரிசை அதிர ஒரு சத்தம். கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. ஹவுஸ் ஓனர் சைக்கிளைப் போட்டுவிட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஓடிக்கொண்டே, "நல்லாயிடுச்சா? ரொம்ப சந்தோஷம்பா, ரொம்ப சந்தோஷம்" என்று கத்தினார். நாங்கள் எல்லாரும் வாசலில் நின்று கைதட்டினோம். பாக்கியம் அக்கா ஒரே நேரத்தில் சிரித்து, அழுது, நைனாவின் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள். தெருமுனை வரைக்கும் ஹவுஸ் ஓனரைத் துரத்திவிட்டுத் திரும்பிய சூப்பர்வைசர், போகிற போக்கில் என் கெண்டைக்காலில் ஒன்று போட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியினால் மட்டும் இல்லை.

அந்த அமாவாசைக்குத் திருவள்ளூர் போய் வெல்லம் கரைத்தேன். "யாருக்குடி உடம்பு?" என்று அம்மா கேட்டாள். சூப்பர்வைசருக்கு என்றேன். "நல்ல காரியம், மாப்பிள்ளைக்கு வேலை நிலைக்கும்" என்று அவளும் கொஞ்சம் வெல்லம் போட்டாள். நான் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு நைனா வெட்டுகிற ஒயரெல்லாம் ஒரு டால்டா டப்பாவுக்குள்தான் விழும். வந்தவர்கள் ஒரு கையில் முனையையும் மறு கையில் டப்பாவையும் பிடிக்கவேண்டும். போகும்போது துண்டு எதுவும் ஒட்டவில்லை என்று செருப்பைத் தட்டிக் காட்டிவிட்டுப் போகவேண்டும்.

சில வருஷங்கள் கழித்து என் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்தது. சாமான்களை லாரியில் ஏற்றினோம். சூப்பர்வைசர் லாரி டிரைவரைக் கொத்தி, கிளீனரைக் கொத்தி, தன்னால் முடிந்தவரை தாமதப்படுத்திப் பார்த்தது. நைனா மட்டும் வெளியே வரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்த பிறகு வந்தார். கையில் பச்சையும் மஞ்சளுமாகப் பெரிய கூடை ஒன்று.

"தா நைனா" என்று நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். வழக்கம்போல உள்ளே கையை விட்டுத் துழாவினேன். சுருட்டி வைத்த ஒயர் இல்லை.

"கைப்பிடிக்கு ஒயர் எங்கே நைனா?"

அவர் லாரி சக்கரத்தைப் பார்த்தார். "ஒயரு தீந்து போச்சி."

அவருக்குப் பின்னால், கதவு ஆணியில், புதுசாக வாங்கிய ஒயர்க் கட்டுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பாக்கியம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கூடையில்தான் இன்றைக்கும் காய்கறி வாங்குகிறேன். இந்த வயதில் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்து என் மருமகள், "ஒரு கைப்பிடி போட்டுக்கிட்டா என்ன அத்தை?" என்கிறாள். போடலாம்தான். போட்டால், நான் அந்த வாசலை விட்டு நிஜமாகவே வந்துவிட்டதாக ஆகிவிடும்.